அப்பாகிட்ட நீயே சொல்லும்மா!

பள்ளியில் சுற்றுலா அறிவித்திருக்கிறார்கள். ஏற்காடு, இரண்டு நாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் மூன்று நாட்களாகச் சமையலறை வாசலில் நின்று அம்மாவை நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பத்தடி தூரம் இருக்கும். அந்தப் பத்தடியைக் கடக்க அவளுக்கு மனம் வரவில்லை. "அப்பாகிட்ட நீயே சொல்லும்மா" என்கிறாள். அம்மா நேரம் பார்க்கிறாள். செய்தி முடியட்டும், சாப்பிட உட்காரட்டும், மோர் ஊற்றும்போது பேச்சை எடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறாள். கடைசியில் அடுத்த வீட்டுச் சேதியைச் சொல்வதைப் போல, "ஸ்கூல்ல டூர் கூட்டிட்டுப் போறாங்களாம்" என்று ஆரம்பிக்கிறாள்.

அதே நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வெளிய போயிட்டு வரேன்" என்கிறான். யாரிடம் சொன்னான் என்பது அவனுக்கே தெரியாது. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ராத்திரி எட்டரைக்குத் திரும்பி வருகிறான். தட்டில் சோறு மூடி வைத்திருக்கிறது.

அந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். அப்பா சம்பளத்தில் பெரும்பகுதியைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொட்டுகிறார். அம்மா விடிவதற்கு முன் எழுந்து இரண்டு டப்பா கட்டுகிறாள். பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியாக உட்காரவைத்து, "உங்க அப்பா அம்மா எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வெவ்வேறு வீடுகளைப் பற்றிய பதில்கள் வரும்.

எனக்கு ஓர் அக்கா. மூன்று வயது மூத்தவர். ஒரே கூரை, ஒரே குழம்பு. இப்போது நடுவயதில் இருவரும் உட்கார்ந்து பழசைப் பேசும்போது எனக்குத் திகைப்பாக இருக்கிறது. அவர் நினைவில் இருக்கும் அப்பா, வாசலில் நின்று மணி பார்ப்பவர். என் நினைவில் இருக்கும் அப்பா, மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடும் நாள் தவிர என் பக்கம் திரும்பாதவர். அவருக்கு அப்பா ரொம்ப அருகில் இருந்தது கஷ்டம். எனக்கு அப்பா இல்லவே இல்லாதது கஷ்டம். நாங்கள் பேசுவது ஒரே மனிதரைப் பற்றி.

பெற்றோர் எவ்வளவு அன்பு வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. அந்த அன்பு பிள்ளையின் கண்ணுக்கு என்னவாகத் தெரிகிறது என்பது வேறு கேள்வி. இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது. வளரிளம் பருவத்தில் அதற்கான பதில், பிள்ளை பையனா, பெண்ணா என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறுகிறது.

பிள்ளைகளைக் கேட்டால்

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடா என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பெரிய கணக்கெடுப்பு நடக்கிறது. 11, 13, 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நேராகக் கேட்கிறார்கள்: உன் மனதை உறுத்தும் விஷயத்தை அம்மாவிடம் பேசுவது சுலபமா? அப்பாவிடம்?

சுற்றுக்குச் சுற்று, நாட்டுக்கு நாடு எண்கள் மாறினாலும் ஒரு வடிவம் மாறுவதில்லை. பையனோ பெண்ணோ, அம்மாவிடம் பேசுவதுதான் சுலபம் என்கிறார்கள். வயது ஏற ஏற இருவரிடமும் பேசுவது கடினமாகிறது. அப்பாவிடம் பேசுவது கடினம் என்று சொல்வோரில் பெண்களே அதிகம். 2021-22இல் நடந்த சுற்றில், வீட்டில் தனக்கு ஆதரவு இருக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளின் விகிதமே முந்தைய சுற்றைவிடச் சரிந்திருந்தது. பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் அந்தச் சரிவு கூடுதல்.

இந்தியா அந்தக் கணக்கெடுப்பில் இல்லை. ஆனால் 2006-07இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சந்தித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மும்பையில் உள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் சேர்ந்து செய்தது. உடல், காதல், கல்யாணம் என்று தன் வாழ்க்கையின் முக்கியமான விஷயங்களைப் பெற்றோரிடம் மனம் திறந்து பேசியவர்கள் மிகக் குறைவு என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. பெண்கள் பேசியிருந்தால் அம்மாவிடம் பேசியிருந்தார்கள். அப்பா என்பவர் அந்தப் பேச்சுகளில் கிட்டத்தட்ட இல்லை.

பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்கும் ஆய்வுகளில் இன்னொன்று திரும்பத் திரும்ப வருகிறது. "நாங்கள் நன்றாகப் பேசிக்கொள்கிறோம்" என்று பெற்றோர் போடும் மதிப்பெண், பிள்ளை போடும் மதிப்பெண்ணைவிட அதிகமாகவே இருக்கிறது. "எம்பொண்ணு எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவா" என்று சொல்லும் ஒவ்வொரு அம்மாவையும் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

நீயும் நீங்களும்

தமிழ் வீடுகளில் இந்தத் தூரத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரு சொல் உண்டு. பல வீடுகளில் அம்மா 'நீ', அப்பா 'நீங்க'. அம்மாவை 'வா, போ' என்று சொல்லும் வாய், அப்பாவிடம் 'வாங்க, போங்க' என்று தானாகத் திரும்பிக்கொள்கிறது. எல்லா ஊரிலும், எல்லாச் சமூகத்திலும் இப்படி இல்லை. கொங்குப் பக்கம் சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க' என்பார்கள். அப்பாவையும் 'நீ' என்று அழைக்கும் வீடுகள் சென்னையில் நிறைய உண்டு. ஆனாலும் 'நீ - நீங்க' பிரிவு இருக்கும் வீடுகளில், பேசத் தெரியத் தொடங்கிய நாளிலிருந்தே பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டுவிடுகிறது: ஒருத்தரிடம் கோபப்படலாம், மற்றவரிடம் யோசித்துப் பேச வேண்டும். இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். அப்பா உட்கார்ந்திருக்கிறார், அம்மா நேரம் பார்க்கிறாள். எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. மாற்றாமல் விட்டுவிட்டேன்.

இந்த வழக்கம் நேற்று வந்ததும் இல்லை. சங்க அகத்திணையில் 'அறத்தொடு நிற்றல்' என்று ஒரு துறை இருக்கிறது. தலைவியின் காதலை வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும். தலைவி நேரே போய்ச் சொல்வதில்லை. அவள் தோழிக்குச் சொல்கிறாள். தோழி, வளர்ப்புத் தாயான செவிலித்தாய்க்குச் சொல்கிறாள். செவிலி, பெற்ற தாயான நற்றாய்க்குச் சொல்கிறாள். நற்றாய், தந்தைக்கும் தமையன்மாருக்கும் குறிப்பால் உணர்த்துகிறாள். ஒரு பெண்ணின் மனதிலிருந்து அவள் அப்பாவின் காதுக்குப் போக நான்கு படி. இலக்கண நூல்களே வகுத்து வைத்திருக்கும் வழி இது.

நான் பள்ளியில் இதைப் படித்தபோது அழகான மரபு என்று மட்டும் தோன்றியது. இப்போது யோசிக்கையில், செவிலித்தாய் என்ற படி மட்டும்தான் மறைந்திருக்கிறது; மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன என்று படுகிறது. இன்றைக்கும் தோழிக்கு முதலில் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் தெரிகிறது. அம்மாவுக்கு அதில் பாதி தெரிகிறது. அப்பாவுக்கு அம்மா வடிகட்டிக் கொடுத்தது மட்டும் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று உதிர்ந்துவிடுகிறது. முதலில் உதிர்வது அந்தப் பெண்ணின் குரல்.

அகப்பாடல்களில் தலைவிக்காவது ஒரு வழி இருந்தது. தலைவனின் அம்மாவும் அப்பாவும் அங்கே பெரும்பாலும் பேசுவதே இல்லை. அவன் மனதில் இருப்பதைத் தோழனான பாங்கனிடம் சொல்வான், அல்லது தன் நெஞ்சைக் கூப்பிட்டு அதனிடம் பேசுவான்.

அந்த நாளுக்குப் பிறகு

பெண் பிள்ளைகளின் கண்ணில் அப்பா மாறிப்போவதற்கு நம் ஊரில் பெரும்பாலும் ஒரு தேதி இருக்கிறது. அவள் வயசுக்கு வந்த நாள்.

அதுவரை அப்பாவின் மடியில் படுத்து டிவி பார்த்தவள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வயிற்றைக் கட்டிக்கொண்டவள். ஒரு நாள் காலையில் பாட்டி வந்து அவளைத் தனியே உட்கார வைக்கிறாள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சில் கட்டுகிறார். பிறகு மண்டபம், மைக் செட், தெருமுனையில் பட்டுப்புடவையில் அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸ், ஊர்வலமாக வரும் சீர்த்தட்டு. ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. வகுப்பில் உடன் படிக்கும் பையன்களுக்கும் தெரிந்துவிட்டது. அவளை யாரும் கேட்கவில்லை. அந்தச் சடங்கைக் குதூகலமாக நினைவுகூரும் பெண்களும் இருக்கிறார்கள். கூசிப்போய் நினைவுகூருபவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. அதற்குப் பிறகு அப்பாவின் கை விலகிவிட்டது என்பது.

அப்பாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மரியாதை. வளர்ந்த பெண்ணைத் தொட்டுப் பேசக் கூச்சம். ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம். யாரும் அவருக்கு வேறு விதம் கற்றுத் தரவில்லை. மகளின் பக்கத்திலிருந்து பார்த்தால், எந்தத் தப்பும் செய்யாமல் திடீரென்று ஒரு தண்டனை. நேற்று வரை செல்லம் கொஞ்சியவர் இன்று அவள் அறைக்குள் வரும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு வருகிறார். காரணத்தை யாரும் சொல்வதில்லை. பன்னிரண்டு வயதுக் குழந்தை தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது: என் உடம்பில் என்னவோ சரியில்லை, அதனால்தான் அப்பா தள்ளிப்போகிறார்.

இயக்குநர் ராம் 'பேரன்பு' படத்தில் இதை நேரே பார்த்தார். மூளை முடக்குவாதம் உள்ள மகள் பருவமடையும்போது, பக்கத்தில் அம்மா இல்லாத அப்பா என்ன செய்வார் என்பதுதான் அந்தக் கதையின் மையம். 2019இல் திரைக்கு வந்த அந்தப் படத்தை நான் பார்த்தபோது, என் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அப்பா இடைவேளையில் எழவே இல்லை.

தேதியோடு சேர்ந்து விதிகளும் வருகின்றன. துப்பட்டா. ஆறு மணி. சத்தமாகச் சிரிக்காதே. அண்ணனோடு போ. 2017இல் டெல்லி, ஷாங்காய், நைரோபி, பால்டிமோர் உட்பட 15 நாடுகளின் நகரங்களில் பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் பேசிய ஒரு பன்னாட்டு ஆய்வு வெளியானது. பருவம் எட்டும்போது பெண் பிள்ளையின் உலகம் சுருங்குகிறது, பையனின் உலகம் விரிகிறது என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்பு. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசம் அதில் பெரிதாக இல்லை. அப்படியென்றால் இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. ஆனால் நம் ஊரில் அதைப் பந்தல் போட்டு அறிவிக்கிறோம்.

போன் விஷயத்தைப் பாருங்கள். 2023ஆம் ஆண்டுக்கான 'ஏசர்' கல்வி நிலை அறிக்கை கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரையானவர்களைப் பற்றியது. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் தனக்கென்று போன் வைத்திருக்கும் பையன்கள் 43.7 சதவீதம். பெண்கள் 19.8 சதவீதம். பிள்ளைகளுக்கு ஒரு போன்தான் என்றால் அது அண்ணனின் பையில் இருக்கிறது. அவள் அம்மாவின் போனில், அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆன்லைன் வகுப்பு பார்க்கிறாள். இதை அவள் பணப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்வதில்லை. "என்ன நம்பல" என்றே எடுத்துக்கொள்கிறாள்.

வீட்டு வேலையும் இப்படித்தான். மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். பெண் பிள்ளை இந்த 289-க்குள் நுழைவது பதின்ம வயதில். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கூடத்தில் கேம் ஆடும் தம்பியைப் பார்க்கிறாள். அவள் கோபம் தம்பி மேல் வருவதில்லை. அம்மா மேல் வருகிறது. ஏனென்றால் விதிகளைப் போட்டது யாராக இருந்தாலும் அமல்படுத்துவது அம்மா.

அம்மாவும் மகளும் அத்தனை நெருக்கமாகவும் அத்தனை சண்டையோடும் இருப்பதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். மனதைத் திறக்கும் இடமும் அம்மாதான், கதவைப் பூட்டும் கையும் அம்மாதான். பெற்றோர் - பிள்ளைச் சண்டைகள் பற்றிய பல ஆய்வுகளை 1998இல் ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், பதின்ம வயதின் நடுப்பகுதியில் சண்டைகளின் எண்ணிக்கை குறைகிறது, ஆனால் ஒவ்வொரு சண்டையின் சூடும் கூடுகிறது என்று கண்டார்கள். சண்டை அதிகம் நடப்பது அம்மாவோடுதான். சண்டை போடுவதற்கும் ஓர் உரிமை வேண்டும். அப்பாவோடு அந்த உரிமைகூடப் பல மகள்களுக்கு இல்லை.

ஆம்பளப் புள்ள

பையனுக்குத் தேதி கிடையாது. அவனுக்கும் உடம்பு மாறுகிறது. குரல் உடைகிறது. முகத்தில் பரு. தூக்கத்தில் தன் உடம்பில் நிகழ்வதைக் கண்டு பயந்து, யாரும் எழுவதற்கு முன் லுங்கியை அலசிப் போடுகிறான். அவனுக்கு எந்த மாமனும் வரவில்லை, எந்தப் பாட்டியும் உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கவில்லை. வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் வழங்கும் 'புதுயுகம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2011இல் அறிவித்தது. அதன் மூலம் பள்ளியிலாவது யாரோ ஒருவர் பெண் பிள்ளைகளோடு உடம்பைப் பற்றிப் பேசினார்கள். பையன்களோடு பேச அப்படி ஒரு சாக்கு யாருக்கும் கிடைக்கவில்லை. முதல் சவரத்தை எப்படிச் செய்வது என்று என் அப்பா எனக்குச் சொல்லித் தரவில்லை. பிளேடால் மேலுதட்டைக் கிழித்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தபோது பார்த்தார். "பாத்து" என்றார். அந்த ஒரு சொல்லை நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் பையனை நம்புகிறார்கள், அதனால் அவனுக்குச் சுதந்திரம் என்பது பெரியவர்களின் கணக்கு. பதினைந்து வயதுப் பையனுக்கு அந்தச் சுதந்திரம் பல நேரங்களில் வேறு மாதிரி தெரிகிறது. ராத்திரி எட்டரைக்கு வந்தாலும் கேட்கவில்லை, ஒன்பதரைக்கு வந்தாலும் கேட்கவில்லை. அக்காவுக்கு ஒரு போன் வரவில்லை என்றால் வீடே பதறுகிறது. தனக்காக யாரும் பதறுவதில்லை. இதை அவன் வெளியே சொல்ல மாட்டான். சொல்வதற்கு வார்த்தை இல்லை.

வார்த்தை இல்லாமல் போவதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ராபின் ஃபைவுஷ் என்ற உளவியலாளர், சின்னக் குழந்தைகளோடு பெற்றோர் பழைய நினைவுகளைப் பேசுவதைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். மகள்களோடு பேசும்போது உணர்ச்சியைச் சுட்டும் சொற்கள், குறிப்பாகத் துக்கத்தைப் பற்றிய பேச்சு, மகன்களோடு பேசுவதைவிட அதிகம். பேசுபவர் அம்மாவா அப்பாவா என்பதால் இது பெரிதாக மாறவில்லை. மகளிடம் "அப்போ உனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சுல்ல?" என்று கேட்டுப் பழக்குகிறோம். மகனிடம் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று அடுத்த சம்பவத்துக்குப் போய்விடுகிறோம். நம் ஊரில் இதற்குக் கூடுதலாக, "ஆம்பளப் புள்ள அழலாமா?" உண்டு. நாலு வயதில் கேட்டது பதினாலு வயதில் பூட்டாக விழுகிறது.

அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே இருக்கும் பேச்சு பெரும்பாலும் மார்க்கைப் பற்றியது. அங்கும் பையன் தோற்றுக்கொண்டிருக்கிறான். தமிழ்நாட்டில் 2025 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.70 சதவீதம் தேர்ச்சி, மாணவர்கள் 93.16. அதற்கு முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பில் மாணவிகள் 94.53, மாணவர்கள் 88.58. ஒவ்வொரு மே மாதமும் 'மாணவிகளே அதிகம் தேர்ச்சி' என்ற தலைப்பு வரும்போது, எத்தனை வீடுகளில் அந்தப் பேப்பர் மகனின் முன்னால் விரிக்கப்படுகிறது! கட்டுப்பாட்டுக்குள் இருந்து படித்த பெண்ணைக் காட்டி, கட்டுப்பாடே இல்லாமல் விடப்பட்ட பையனைத் திட்டுகிறோம்.

அடி வாங்குவதிலும் அவன் பங்கு கொஞ்சம் கூடுதல். மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். மூன்றில் இரண்டு பேருக்கு மேல் அடிபட்டவர்கள். அவர்களில் 54.68 சதவீதம் பையன்கள். வீட்டுக்குள் அடிபட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு அடித்தது பெற்றோர்தான். 'தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்' என்று பழமொழி சொல்லிக்கொள்கிறோம். நடப்பில், தோளுக்கு மேல் வளர்ந்த பிறகு அடியை நிறுத்துகிறோம். தோழமை தானாக வந்துவிடும் என்று காத்திருக்கிறோம்.

திரையில் ஒரு வருடம்

2008ஆம் ஆண்டில் தமிழில் அப்பாக்களைப் பற்றி இரண்டு படங்கள் வந்தன. 'சந்தோஷ் சுப்பிரமணியம்', 'அபியும் நானும்'. முதல் படத்தில் பிரகாஷ்ராஜ், மகனின் சட்டையிலிருந்து வேலை வரை எல்லாவற்றையும் தானே தேர்ந்தெடுக்கும் அப்பா. மகன் மூச்சு முட்டிப்போகிறான். இரண்டாவது படத்திலும் பிரகாஷ்ராஜ்தான். அங்கே அவர் மகளை விட்டு ஒரு நாள்கூடப் பிரிய முடியாத அப்பா. மகள் முன்னே நடந்துகொண்டே போகிறாள், தவிக்கிறவர் அவர். ஒரே ஆண்டு, ஒரே நடிகர், இரண்டு அப்பாக்கள். இரண்டு படங்களும் அப்பாவின் பாசத்தைப் பற்றியவை. மகனிடம் அது அதிகாரமாகவும், மகளிடம் அது ஏக்கமாகவும் போய்ச் சேருகிறது. மக்கள் இரண்டையும் கொண்டாடினார்கள். இரண்டும் உண்மை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அம்மா - மகன் படங்கள் தமிழில் எண்ணி மாளாது. அம்மா - மகள் படம் என்று யோசித்தால் விரல்கள் மிஞ்சும். 2016இல் வந்த 'அம்மா கணக்கு' அதில் ஒன்று. பத்தாம் வகுப்பில் அக்கறை இல்லாமல் இருக்கும் மகளின் வகுப்பிலேயே, வீட்டு வேலை செய்து பிழைக்கும் அம்மா வந்து சேர்ந்து படிக்கிறாள். அந்த மகளின் கோபத்தைப் பார்த்தவர்களுக்கு, பெண் பிள்ளைகள் அம்மாவிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்பது விளங்கும். தமிழில் இன்னும் பத்து படம் வந்திருக்க வேண்டிய விஷயம் அது.

சொன்னால் என்ன ஆகும்?

கண்காணிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோர் பலரும் நம்புவது இது: கேட்டுக்கொண்டே இருந்தால், போனைப் பார்த்துக்கொண்டே இருந்தால், பிள்ளை என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். 2000ஆம் ஆண்டில் ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு ஆய்வாளர்கள் பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கேட்டு இதைச் சோதித்தார்கள். பெற்றோருக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதி பிள்ளை தானாக வந்து சொன்னது என்று தெரிந்தது. விசாரணையும் கட்டுப்பாடும் அதற்கு அவ்வளவாக உதவவில்லை. அந்தத் துறையில் அதுவரை இருந்த எண்ணத்தையே அது புரட்டிப்போட்டது.

அப்படியானால் பிள்ளை தானாக வந்து சொல்வதற்கு என்ன வேண்டும்? அது, முன்பு ஒரு முறை சொன்னபோது என்ன நடந்தது என்பதைப் பொறுத்து இருக்கிறது.

ஒரு பெண் பிள்ளை வந்து, "பஸ் ஸ்டாப்ல ஒருத்தன் பின்னாடியே வரான்" என்று சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு வேண்டியது அவன் வராமல் இருப்பது. நம் வீடுகளில் நடப்பது என்ன? ட்யூஷன் நிற்கிறது. போன் பிடுங்கப்படுகிறது. கொண்டுவிட்டுக் கூட்டிவர அண்ணன் நியமிக்கப்படுகிறான். "நீ ஏன் அவனைப் பாத்த?" என்று ஒரு கேள்வியும் வருகிறது. சில வீடுகளில் பள்ளியே நிற்கிறது, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். தப்பு செய்தவன் அதே பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான். அவளுடைய உலகத்தில் இன்னும் நாலு அடி குறைந்துவிட்டது. அடுத்த முறை அவள் சொல்ல மாட்டாள். சொல்லாமல் இருப்பதுதான் படிப்பைக் காப்பாற்றும் வழி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் மறைக்கிறாள் என்று கோபப்படும் பெற்றோர், அவளுக்கு மறைக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அடக்கவில்லை.

பையன் வந்து, "கிளாஸ்ல பெரிய பசங்க அடிக்கிறாங்க" என்று சொன்னால் வேறு விதமாக முடிகிறது. "நீயும் திருப்பி அடிக்க வேண்டியதுதானே?" அவ்வளவுதான். அவனும் அடுத்த முறை சொல்ல மாட்டான். பெண் சொன்னால் எல்லாம் நிற்கிறது. பையன் சொன்னால் எதுவுமே நடப்பதில்லை. இரண்டு பேருக்கும் கிடைக்காதது ஒன்றேதான்: குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்கும் ஓர் ஆள். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத பிள்ளைகளுக்காக 1098 என்ற எண் இருக்கிறது. மாணவர்களுக்கு 14417 இருக்கிறது. முகம் தெரியாத ஒருவரிடம் சொல்வது சுலபம் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுவதைப் பெற்றோர் அவமானமாக நினைக்கத் தேவையில்லை. அந்த எண்களைப் பிள்ளைக்குத் தெரியும்படி வைப்பதும் ஒரு பெற்றோர் வேலைதான்.

எல்லா வீடும் ஒரே அச்சு இல்லை. அப்பா வளைகுடாவில் இருக்கும் வீட்டில், தினமும் வீடியோ காலில் வரும் அவர்தான் சில பெண்களுக்கு நெருக்கம். பக்கத்தில் இருந்து விதி போடாததால் இருக்கலாம். அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கும் வீட்டில், இரவுச் சமையல் பையனின் பொறுப்பு. உலை வைத்துப் பழகிய பையனிடம் அம்மாவின் களைப்பைப் பற்றிய ஒரு தனி அறிவு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022இல் தொடங்கிய 'புதுமைப்பெண்' திட்டமும், பையன்களுக்கு 2024இல் வந்த 'தமிழ்ப்புதல்வன்' திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாயை நேராகப் பிள்ளையின் கணக்கில் போடுகின்றன. பஸ் பாஸுக்கும் நோட்டுக்கும் அப்பாவிடம் அம்மா மூலம் கேட்க வேண்டியிருந்த ஒரு பேச்சு அங்கே குறைந்தது. கையில் சொந்தப் பணம் இருக்கும் பெண்ணுக்கு அப்பாவோடு பேசும் குரல் கொஞ்சம் மாறும் என்பது என் நம்பிக்கை.

இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வாரத்தில், கூடத்தில் உட்கார்ந்திருந்த என் காதில் சமையலறையிலிருந்து அந்த வாக்கியம் விழுந்தது. "அப்பாகிட்ட நீயே சொல்லும்மா." என் மகளின் குரல். பத்தாம் வகுப்பு. கையில் அறத்தொடு நிற்றல் பற்றிய குறிப்புகள். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய் "என்ன விஷயம்?" என்று கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். பேசாமல் இருந்துவிட்டேன். மனைவியிடமும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளை ட்யூஷனுக்கு ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, பின்னால் இருந்து ஏதோ சொன்னாள். ஹெல்மெட்டுக்குள் பாதிதான் கேட்டது. ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, "திரும்பச் சொல்லும்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ட்யூஷன நிறுத்திடாதீங்கப்பா" என்றாள்.

"நிறுத்த மாட்டேன்."

கூட்ஸ் வண்டி போக ஆரம்பித்தது. அது நீளமான வண்டி. அவள் சொல்லத் தொடங்கினாள்.